திரும்பிப் பார்க்காமல் நீட்டிய கை

ஐயா, சன்னல் ஓரம் நீங்களே அமருங்கள். எனக்கு இந்தப் பக்கம் போதும். கடல் என் கண்ணில் படாமல் இருந்தால் அதுவே இன்று எனக்குப் பெரிய உதவி. இந்தப் பேருந்து கோவில்பட்டிக்குத்தானே செல்கிறது? நல்லது. நானும் அங்கேதான் இறங்க வேண்டும்.

என் கையைப் பார்க்கிறீர்கள். நடுங்குகிறது, தெரியும். நோய் ஒன்றும் இல்லை. காலையில் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. இன்று காலை, இதே திருச்செந்தூரில், என் தங்கையின் இளைய மகனைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டேன் ஐயா. ஐந்து வயதுப் பிள்ளை. பெயர் கிஷோர். சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.

தண்ணீரா? வேண்டாம், வேண்டாம். சரி, ஒரு வாய் கொடுங்கள்.

முறையாகச் சொல்கிறேன். எதையும் முறையாகச் சொன்னால்தான் கேட்பவருக்குப் பயன்படும். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்; உங்களுக்கு இது உதவட்டும்.

என் பெயர் உலகநாதன். நூற்பாலை ஒன்றில் பண்டகக் காப்பாளர். ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி நன்னெறி வகுப்பு நடத்துகிறேன், கட்டணம் கிடையாது. முன்பெல்லாம் திண்டாட்டமாக இருக்கும், அவ்வளவு பிள்ளைகள் வருவார்கள். இப்போது தொலைக்காட்சி வந்து கெடுத்துவிட்டது. அது இருக்கட்டும். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே என் தங்கை தெய்வக்கனியின் பிள்ளைகள் இருவரும்தான் எனக்குப் பிள்ளைகள். மூத்தவன் லிங்கேஷ், ஒன்பது வயது. இளையவன் கிஷோர்; அண்ணனுக்குக் கிச்சா. இருவருக்கும் செந்தூரில் முடி இறக்குவதாகக் கனி நேர்ந்திருந்தாள். தாய்மாமன் மடியில் அமர்த்தித்தானே முடி இறக்க வேண்டும்? நான் இல்லாமல் நடக்காது. இந்த உலகத்தில் நான் இல்லாமல் நடக்காத காரியம் அது ஒன்றுதான் ஐயா.

முழுப்பரீட்சை விடுமுறை, விசாகம் நெருங்குகிறது, கூட்டத்தைக் கேட்க வேண்டாம். அம்பாசமுத்திரத்திலிருந்து அவர்கள் வேன் பிடித்து நேற்றே வந்துவிட்டார்கள். கனி, அவள் கணவர் பொன்பெருமாள், எங்கள் மூத்த அக்கா சரஸ்வதி, இவர்களோடு பொன்பெருமாளின் தம்பி குடும்பம். விடுதி அறைக்குள் நான் கால் வைத்ததும் ஒரு தலையணை வந்து என் முகத்தில் விழுந்தது. இரண்டு பையன்களும் கட்டில் மேல் நின்று குதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களோ விலக்காமல், நடுவில் அமர்ந்து முறுக்குத் தின்றுகொண்டு சிரிக்கிறார்கள்! நான், “பிள்ளைகளே, தலையணை என்பது என்ன?” என்று தொடங்கினேன். அக்கா உடனே, “ஏ தம்பி, புள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கு. நீ இங்கயும் பள்ளிக்கூடம் தொறந்துராத” என்றாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். கலகலப்பான குடும்பம் ஐயா. குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கிஷோர் கேள்வி கேட்பான். “மாமா, கடல்ல இம்புட்டு உப்பு யாரு போட்டா?” என்பான். நான் அமர்ந்து விளக்கத் தொடங்குவேன். உப்பு என்பது அடக்கத்தின் அடையாளம், கரைந்த பிறகும் சுவை தருகிறது என்று நான் பாதி சொல்வதற்குள் அவன் பால்கனியில் நிற்பான். நிலைகொள்ளாத பிள்ளை. இவனைத் திருத்த வேண்டும் என்றுதான், முடி இறக்கி முடிந்ததும் இரண்டு பேரையும் என்னோடு கோவில்பட்டிக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருந்தேன். பள்ளி திறக்கும்வரை என் வீட்டில். காலை எழுவது முதல் படுப்பதுவரை என்னென்ன கற்பிப்பது என்று மனத்துக்குள் வகுத்தும் வைத்திருந்தேன். கனியும் சரி என்றுதான் சொன்னாள். அப்போது சொன்னாள்.

காலையில் புறப்படும்போது கனி ஒரு சிவப்புப் பனியனை எடுத்தாள். மார்பில் புலி முகம் போட்டது. “கூட்டம் சாஸ்தியா இருக்குண்ணே. குளிச்சிட்டு இவனுக்கு இதப் போட்டுவிட்டா எங்க நின்னாலும் பளிச்சுன்னு தெரிவான்” என்றாள். நான் ஒப்பவில்லை. “இறைவன் சந்நிதியில் புலி எதற்கு அம்மா? எல்லாப் பிள்ளையும் எப்படி உடுத்துகிறதோ அப்படியே நம் பிள்ளையும் உடுத்தட்டும், தனித்துத் தெரிய வேண்டும் என்ற எண்ணம்தான் அகந்தையின் முதல் படி” என்றேன். தாய்மாமன் எடுத்த புதுத்துணிதானே போட வேண்டும்? நான் சந்நிதித் தெருக் கடையில் சின்ன மஞ்சள் வேட்டிகள் வாங்கி வைத்திருந்தேன்.  கனி பனியனை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முடி இறக்கும் இடத்தில் கிஷோர் என் மடியில் அமர்ந்தான். “மாமா, வலிக்குமா?” என்றான். வலி என்பது என்ன என்று சொன்னேன். அவன் இரண்டு கையாலும் என் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். கத்தி ஓடுவதையும், அந்தச் சின்னப் பின்னந்தலை வெளுப்பாக வெளிவருவதையும் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகு கடலில் முக்கினோம். சந்தனம் பூசினோம். மஞ்சள் வேட்டி கட்டினோம். பெண்கள் உடை மாற்றப் போனார்கள். பொன்பெருமாள் லிங்கேஷை அழைத்துக்கொண்டு இளநீர் வாங்கப் போனார். கனி போகிறபோது திரும்பி நின்று, “அண்ணே, கைய மட்டும் விட்ராதீங்க. இவன் நிக்க மாட்டான்” என்றாள். “நீ போ அம்மா” என்றேன்.

விட்டேன் ஐயா. வேண்டுமென்று விடவில்லை. கடல் காற்றில் மேல்துண்டு பறந்தது. அதைப் பிடிக்கக் கையை விட்டேன். பிடித்துத் தோளில் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, “வா” என்றேன். ஒரு சின்னக் கை வந்து என் விரல்களைப் பற்றிக்கொண்டது. ஈரமாக, மணல் ஒட்டி, சின்னக் கை. வேறென்ன நினைப்பீர்கள் நீங்கள்? நானும் அதையேதான் நினைத்தேன்.

பிரகாரத்தில் நடந்தோம். நடந்துகொண்டே ஒரு கதை சொன்னேன். நானே புனைந்தது, உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு வாத்து மேய்ப்பவர் தம் வாத்துகளைக் குளத்தில் விட்டார். இன்னொருவருடைய கூட்டமும் வந்து கலந்துவிட்டது. கரையில் நின்றவர்கள், “இனி எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பாய்?” என்று கைகொட்டிச் சிரித்தார்கள். அவர் கலங்கவில்லை. கரையேறி நடந்தார். நடந்துகொண்டே குரல் கொடுத்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய வாத்துகள் மட்டும் குரலை அறிந்து அவர் பின்னால் வரிசையாக வந்தன. பெரியவர்களின் குரலைப் பின்பற்றுகிற பிள்ளை வழி தவறாது என்பது கருத்து. நல்ல கதை அல்லவா?

பையன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இழுக்கவில்லை, ஓடவில்லை, கேள்வி கேட்கவில்லை. நான் மகிழ்ந்துபோனேன் ஐயா. முடியோடு அவனுடைய குறும்பும் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கோவில்பட்டி வரை போகவேண்டிய தேவைகூட இல்லை, இங்கேயே திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அந்த மகிழ்ச்சியில் கதையின் கருத்தை விரித்துச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் விரித்தேன். பிறகு நின்று, “சொல், இதிலிருந்து நீ அறிந்தது என்ன?” என்று குனிந்தேன்.

அது வேறு முகம்.

மொட்டை அதே மொட்டை. சந்தனம் அதே சந்தனம். வேட்டி அதே கடை வேட்டி. முகம் மட்டும் வேறு. முன்பல் இல்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கிச் சந்தனத்தைக் கோடாக அரித்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருந்தானோ, சத்தமே இல்லாமல்!

அந்தக் கணத்தில் எனக்கு என்ன நேர்ந்தது என்று எப்படிச் சொல்வேன்? காது அடைத்துவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டம் வாயை அசைக்கிறது, ஒலி இல்லை. திரும்பிப் பார்க்கிறேன். எங்கும் மொட்டைத் தலைகள். சந்தனம் பூசிய சின்ன மொட்டைத் தலைகள், மஞ்சள் வேட்டிகள். “கிஷோர்!” என்றேன்.  மறுபடி கத்தினேன். பத்துப் பதினைந்து தலைகள் திரும்பின, ஒன்றும் நம்முடையது அல்ல. அல்லது நம்முடையதுதானா? அதுவும் தெரியவில்லை! அதுதான் ஐயா பயம். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்கிறேன், இவனா, இவனா என்று எனக்கே ஐயம் வருகிறது. முடி இல்லாத முகத்தை யாரால் அடையாளம் காண முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அப்போதுதான் என் கையில் இருந்த பையன் வாய்விட்டு அலறினான். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

“பெரியவரே, யாரு புள்ள இது?” என்றாள் ஒரு பெண்.

“என் மருமகன்... இல்லை. இவன் என் மருமகன் அல்லன். என் மருமகன் என்று நினைத்து...”

“என்னது, நெனச்சா? ஏ, கேட்டியளா? நெனச்சுக் கூட்டிட்டு வந்தாராம்!”

ஓர் ஆள் பையனிடம் குனிந்து, “ஏல தம்பி, இவரு யாரு?” என்றான். பையன் தேம்பிக்கொண்டே, “தெரியாது” என்றான்.

“புள்ள புடிக்கிறவன்டே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவன், “மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே” என்றான். “இப்பல்லாம் இப்படித்தான் வெள்ளையும் சொள்ளையுமா வாரானுவ” என்று பதில் வந்தது. என் மேல்துண்டை யாரோ கழுத்தோடு முறுக்கினார்கள். முதுகில் ஓர் அடி விழுந்தது. நான் வலியை உணரவில்லை. “என் பிள்ளையைத் தேட வேண்டும், என்னை விடுங்கள், அவனுக்கு நீந்தத் தெரியாது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல் அங்கிருந்து எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அலைச் சத்தம் அப்போதுதான் திரும்பக் காதில் விழுந்தது.

உதவி மையத்துக்கு இழுத்துச் சென்றார்கள். ஒரு பெண் காவலர் இருந்தார். முதலில் அந்தப் பையனைத் தூக்கி மேசைமேல் அமர்த்தித் தண்ணீர் கொடுத்தார்.

“இவரு ஒன்ன என்ன செஞ்சாருப்பா?”

“கதை சொன்னாரு.”

“கதையா? அப்புறம்?”

“இன்னும் சொன்னாரு.”

“என்ன கதை?”

“வாத்து. வாத்து நடந்து போவும். திரும்பிப் பாக்காது.”

அவன் அம்மாவைக் காணாமல் நின்றிருக்கிறான். யாரோ ஒருவர் “வா” என்று கையை நீட்டியதும் பிடித்துக்கொண்டிருக்கிறான். பெண் காவலர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கதை அவரைத் தொட்டிருக்க வேண்டும். கூட்டத்தாரை வெளியே போகச் சொன்னார். அந்தப் பையனின் தாய் ஓடி வந்து அவனை அள்ளிக்கொண்டாள். நான் கைகூப்பினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க முடியாது. அவளும் என்னைக் கண்டு பயந்தாள் ஐயா. என்னைக் கண்டு!

“சார், ஒங்க புள்ளைக்கு அடையாளம் சொல்லுங்க. மைக்குல சொல்லணும்.”

“ஐந்து வயது. மொட்டை அடித்திருக்கிறது. சந்தனம். மஞ்சள் வேட்டி.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். வாசலைக் கடந்து போகிற பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள்.

“மச்சம்? தழும்பு? பல்லு எப்படி? நெறம்?”

யோசித்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அவனுக்கு நான் சொன்ன கதை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. எந்தக் கதையை எந்த இடத்தில் சொன்னேன் என்பதும் வந்தது. முகம் வரவில்லை. பயத்தில் மனிதனுக்கு நினைவு தடுமாறும். உங்களுக்கும் அப்படி நேர்ந்திருக்கும்.

கனி உள்ளே ஓடி வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கிஷோரு எங்கண்ணே?” என்றாள்.   என் பதிலுக்கு நிற்காமல் காவலர் பக்கம் திரும்பினாள். மூச்சு விடாமல் சொன்னாள். இடது காது மடலில் சின்ன வெட்டு உண்டு. கட்டிலில் இருந்து விழுந்தபோது பட்டது. மேல் உதட்டில் எள்ளளவு மச்சம். சிரித்தால் ஒரு கன்னத்தில்தான் குழி விழும். நடந்தால் வலது காலைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைப்பான். பயந்தால் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொள்வான். அவள் சொல்லச் சொல்ல எல்லாம் எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. தாய்மார்கள் இப்படிச் சிறுசிறு விவரங்களில் கருத்து வைப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் பிள்ளையின் குணத்தைப் பார்க்கிறோம்.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் நான் ஒன்று கண்டேன். வெளியே நின்ற தாய்மார் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை இழுத்துத் தம் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேரும். கூட்டம் முழுவதும் ஒரு கணம் நடுங்கியதுபோல் இருந்தது. பொன்பெருமாள் கடலை நோக்கி ஓடினார். இளநீர்க் குடுக்கையைக் கையில் பிடித்தபடியே ஓடினார். கீழே போடவும் தோன்றவில்லை அவருக்கு. அக்கா நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கனியின் அருகில் நின்று, “அம்மா, தைரியம் என்பது...” என்று தொடங்கினேன். “அண்ணே, சும்மா இருங்க” என்றாள். என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு அலையிலும் ஒரு மஞ்சள் துணி மிதப்பதாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது.

கண்டுபிடித்தவன் லிங்கேஷ். பிரகாரத்துக்குள் ஓடினான்; அவ்வளவு மொட்டைகளுக்கு நடுவில், சங்கும் பாசியும் விற்கிற கடையின் பலகைக்கு அடியில் தெரிந்த ஒரு காலைப் பார்த்துவிட்டு, “அந்தா கிச்சா!” என்று கத்தினான். காலை மட்டும் பார்த்து ஐயா! சிறு பிள்ளைகளுக்குக் கண் கூர்மை அதிகம். கிஷோர் பலகைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையைப் பார்த்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியிருந்தான்.

கனி அவனை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு முகமெல்லாம் தடவினாள். அழுதாள். பிறகு முதுகில் ஓர் அடி வைத்தாள். “எங்கல போன?”

“எங்கயும் போகலம்மா. மாமா பின்னாலயேதான் வந்தேன். மாமா வேற பையன் கையப் புடிச்சிருந்தாங்க.”

“கூப்பிட வேண்டியதுதானல?”

“மாமா கதை சொல்லிட்டிருந்தாங்க. நடுவுல பேசுனா மறுபடி முதல்லேருந்து சொல்லுவாங்க.” அவன் என்னைப் பார்த்தான். “வேட்டியப் புடிச்சு இழுத்தேன். மாமா தட்டிவிட்டுட்டாங்க. அப்புறம் எல்லாரும் மாமாவ அடிச்சாங்க. பயமா இருந்துச்சு.”

கேட்டீர்களா ஐயா? அந்தக் கூட்டத்திலும், அந்த அச்சத்திலும், பெரியவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்ற என் சொல்லைக் காத்திருக்கிறான். என் பின்னாலேயே வந்திருக்கிறான். வளர்ப்பு என்றால் அதுதான்! நான் கனியிடம் அதைச் சொன்னேன். பாராட்டித்தான் சொன்னேன். அவள் எழுந்து, பையைத் திறந்து, அந்தப் புலிப் பனியனை எடுத்து, சந்நிதிக்குப் போகுமுன் அங்கேயே அவனுக்குப் போட்டுவிட்டாள்.

வழிபாடு முடிந்தது. சாப்பிட்டோம். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. நேற்றுத் தலையணை வீசிய குடும்பம் அதுதானா என்று தோன்றியது. வேன் நிறுத்தும் இடத்தில் நான் பிள்ளைகளின் துணிப்பையைக் கேட்டேன். இந்தப் பேருந்தில் அவர்களும் என்னோடு வருவதாகத்தானே பேச்சு? கனி கீழே பார்த்துக்கொண்டு, “இந்த லீவுக்கு வேண்டாம்ணே” என்றாள். “புள்ளைக்குக் காய்ச்சல் வாற மாதிரி இருக்கு.” பொன்பெருமாள், “மச்சான், இன்னொரு தடவ பாத்துக்கிடலாம்” என்று என் தோளைத் தொட்டார். காய்ச்சல் என்றால் அழைத்துப் போக முடியாதுதான். காய்ச்சல் சரியானதும் அனுப்புவார்கள். அனுப்புவார்கள் அல்லவா?

நான் சாலை ஓரம் வந்து நின்றேன். வேன் என்னைக் கடந்துதான் போக வேண்டும். வந்தது. சன்னலில் இரண்டு மொட்டைத் தலைகள். கையை உயர்த்தி அசைத்தேன். அந்தப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். அவர்களுக்கு என்மேல் வருத்தமில்லை என்று என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வேன் வளைவில் மறையும்வரை அசைத்துக்கொண்டே நின்றேன்.

எனக்குப் பின்னால் இன்னொரு வேன் நின்றிருந்தது. அதன் சன்னலிலிருந்து கிஷோரின் குரல், “மாமா, நாங்க இங்க இருக்கோம்” என்றது.

திரும்பிப் பார்த்தேன். சிவப்புப் பனியன். ஆம், அவன்தான். பனியனை வைத்துத் தெரிந்துகொண்டேன். நான் கையை உயர்த்துவதற்குள் வேன் புறப்பட்டுவிட்டது. கனி சன்னல் கண்ணாடியை இழுத்து மூடியது தெரிந்தது, வெயில் அல்லவா?

அதனால்தான் சொல்கிறேன் ஐயா, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஒரு கணமும் விடாதீர்கள். துண்டு போனால் போகட்டும்.

இப்போது கண்ணை மூடினால் அந்தப் பிரகாரம் வருகிறது. எத்தனையோ சின்னத் தலைகள், எல்லாம் என் பக்கம் திரும்புகின்றன, ஒன்றுக்கும் முகம் இல்லை. பிள்ளை கிடைத்துவிட்டான், காயம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போய்விட்டான். பிறகும் ஏன் இந்தக் கை இப்படி ஆடுகிறது? கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் வெகுநேரம் ஆகும். நீங்கள் ஏதாவது பேசிக்கொண்டே வாருங்கள். உங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள், அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், அந்த வாத்து மேய்ப்பவர் கதையில் உங்களுக்கு நான் விரித்துச் சொல்லாத கருத்து ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.